ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது

பிஸ்கட் கம்பெனியில் அவளுக்கு ‘ஷிப்டு அக்கா’ என்று பெயர். பேக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷம், அதில் கடைசி ஒன்பது வருஷம் மேற்பார்வை. எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். அவள் பிரிவில் அவளே போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஓடுகிற பெல்ட்டை விட்டு ஒருத்தி நகர வேண்டுமானால், அடுத்த ஷிப்டுக்காரி பக்கத்தில் வந்து நின்று ‘நான் பாத்துக்கறேன்’ என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். புதிதாக வந்த ஒருத்தி வெறுமனே தலையை ஆட்டிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்க, பெல்ட்டில் வந்ததெல்லாம் தரையில் கொட்டியது. “தலைய ஆட்டறதுக்கு நீ என்ன மாடாடி? வாயில சொல்லு!” என்று இவள் போட்ட சத்தம் இரண்டு கட்டடம் தாண்டிக் கேட்டதாம்.

கல்யாணம் ஒன்று நடந்தது. மூன்று வருஷத்தில் அது முறிந்து அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அதைப் பற்றி யார் கேட்டாலும் “அந்த ஷிப்டு முடிஞ்சுபோச்சு” என்பாள். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பார்கள்.

அப்பா முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். நான்கு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சும் பாதி போயிற்று. வாயின் ஒரு ஓரத்தில் குழறிக் குழறி வரும். பழகின காதுக்குத்தான் புரியும். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கீழ் வீட்டில் பின்னறையில் அப்பா, முன்னறையில் இவள். மாடியில் தம்பி, அவன் மனைவி, கைக்குழந்தை. மாடிக்குப் படி வெளிப்பக்கமாகப் போகும்.

முதல் ஆறு மாதம் அப்பாவை யார் பார்ப்பது என்று வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ‘நேத்தும் நான்தானே குளிப்பாட்டினேன்’, ‘ராத்திரி மூணு தடவ எழுந்தது யாரு’ என்று வாய் ஓயாது. எல்லாம் அப்பா காதுபடத்தான். கடைசியில் இவள் ஒரு வழி பண்ணினாள். ஆளுக்கு ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு முறை மாறும். மாத்திரை டப்பாவைக் கையில் கொடுத்தால் பொறுப்பைக் கொடுத்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகு சண்டை நின்றது. தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். அப்பா மட்டும் ஒரு தடவை, “நானும் ஒரு பிஸ்கட் பெல்ட்டாயிட்டேன்” என்றார். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார், பாதி வாயால்.

கம்பெனியில் ஒரு நாள் தீ விபத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வந்த சூட்டோடு அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தம்பியை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள்.

“இங்க பாரு. தீப்பிடிச்சா முறைக்காரங்க அப்பாவத் தூக்கணும். வேற எதையும் தொடக் கூடாது. முறையில்லாதவங்க வெளிய மெயின் சுவிட்ச அணைச்சிட்டு, பீரோல இருக்கற பத்திரப் பையை எடுக்கணும். ரெண்டு பேரும் ஒரே வேலையச் செஞ்சு முட்டிக்கக் கூடாது. புரியுதா?”

“நம்ம வீட்ல பிடிக்கறதுக்கு என்னக்கா இருக்கு? உன் கோவம் ஒண்ணுதான் பத்திக்கும்.”

“வாயக் கழுவு. புரிஞ்சுதா இல்லையா?”

“புரிஞ்சுது தாயே.”

நல்ல சட்டம்தான். யார் குறை சொல்ல முடியும்? முதலில் உயிர், அப்புறம் பத்திரம், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும். படித்தவர்கள்கூட இவ்வளவு யோசித்து வைப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மறுநாள் காலை ஷிப்டு. சீருடையை இஸ்திரி போட வேண்டும், தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும், ஒரு வாரத் தூக்கம் வேறு கண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஐந்தே முக்காலுக்கு ஏதோ கேட்கத் தம்பி கீழே வந்தான். வந்தவன் கையில் மாத்திரை டப்பாவைத் திணித்தாள்.

“இந்தா. சாயங்கால மாத்திரை குடுத்தாச்சு. கஞ்சி மட்டும் ஊட்டணும்.”

“இன்னும் ஆறாகலையேக்கா.”

“பதினஞ்சு நிமிஷத்துல என்னடா குடி முழுகிப்போகுது?” என்று சொல்லிக்கொண்டே முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு டப்பாவை ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டுக் குளிப்பதற்காக மாடிக்குப் போனான். ஆறு என்றால் ஆறு. விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் ஐந்தரை ஆகும் என்பது அவன் எண்ணம். அவளுடைய எண்ணம், டப்பா கை மாறிவிட்டது என்பது. பத்துப் பேரை நிறுத்தி ‘வாயில சொல்லு’ என்று உயிரை எடுத்தவள், தன் தம்பியின் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருகிறதா என்று நின்று கேட்கவில்லை. அவ்வளவு அசதி.

முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்த நடையில்தான் ஃபிரிட்ஜ். அதன் பின்னால் வயர் எத்தனை நாளாகக் கருகிக்கொண்டிருந்ததோ. சீருடையின் இரண்டாவது கையை அவள் தேய்க்கும்போது நெடி வந்தது. துணிதான் கருகுகிறதோ என்று தூக்கிப் பார்த்தாள். இல்லை. கதவைத் திறந்தால் நடை முழுக்கப் புகை, கீழே சிவப்பாக என்னவோ நெளிகிறது.

அவள் கலங்கவில்லை. அதுதான் கொடுமை. கூச்சல் போட்டு அழுதுகொண்டு ஓடியிருந்தால்கூட ஒருவேளை கால் பின்னறைக்குப் போயிருக்கும். தம்பி அப்பாவோடு இருக்கிறான், குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிவிடுவான், நாம் குறுக்கே போய் நிற்கக் கூடாது என்று தெளிவாக நினைத்தாள். பீரோவைத் திறந்து பத்திரப் பையை எடுத்தாள். போகிற போக்கில், கை சும்மா இருந்ததே என்று, சீருடையையும் எடுத்துக்கொண்டாள்.

மாடிக்கும் புகை ஏறியது. தம்பியும் கலங்கவில்லை. ஈரத் தலையோடு படியில் இறங்கும்போதே மணி பார்த்தான். ஐந்து ஐம்பது. அக்கா முறை. அவள் இந்நேரம் அப்பாவைப் போர்வையோடு இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருப்பாள். வெளியே இருந்த மெயின் சுவிட்சை அணைத்தான். பத்திரப் பையை எடுக்க வாசலுக்குள் பாய்ந்தான். பாய்ந்தவன், இருமிக்கொண்டே வெளியே வந்த அக்காள் மேல் மோதினான்.

அவள் கையில் பையைப் பார்த்தான்.

“பையை ஏன் நீ எடுத்தே?”

“என்னடா கேக்கற? அப்பாவ எங்க விட்டே?”

“நானா? உன் முறைக்கா!”

“டப்பாவ உன் கையில குடுத்தேனேடா பாவி!”

“ஆறாகலைன்னு நான் சொன்னேனா இல்லையா? மணி என்னன்னு பாரு! இப்பவாவது பாரு!”

அவள் பார்த்தாள். அந்த நேரத்தில், தெருவில் நின்றுகொண்டு, கைக்கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்தாள். ஆறு ஆக ஏழு நிமிஷம் இருந்தது. “அதுக்காக அம்போன்னு விட்டுட்டு மாடிக்குப் போவியா?” என்று அவள் கத்த, “கதவச் சாத்திக்கிட்டது யாரு?” என்று அவன் கத்த, நான்கு வருஷத்து எரிச்சலெல்லாம் வெளியே வந்தது. எவ்வளவு நேரம்? எதிர்க் கடை பைக் மெக்கானிக் பிறகு சொன்ன கணக்கில் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் நடையைத் தீ அடைத்துவிட்டது. தம்பி அப்புறம் உள்ளே ஓடத்தான் பார்த்தான். வெப்பம் முகத்தில் அறைந்து அவனை வெளியே தள்ளியது.

அப்பாவை வெளியே எடுத்தது அந்த மெக்கானிக்தான். சந்துப் பக்கம் ஓடி, இரும்புக் கம்பியால் ஜன்னலை நெம்பிப் பெயர்த்து, உள்ளே குதித்து இழுத்து வந்தார். அவர் கையிலும் காயம். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்பாவைத் தரையில் கிடத்தி, தன் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். அக்காளும் தம்பியும் பக்கத்தில் வந்தபோது நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “ரெண்டு வீட்டுலயும் கல்யாணமாம், நடுவுல நாய்க்குட்டி செத்துதாம். அந்தக் கதைதான்.” மெதுவாகத்தான் சொன்னாள். இவள் காதில் விழுகிற அளவுக்கு மெதுவாக. ஊர் வாய்க்கு என்ன, உலைமூடியா இருக்கிறது மூடி வைக்க?

ஆஸ்பத்திரியில் இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆனால் இப்போது யாரும் முறை கேட்கவில்லை. அவன் வேலைக்கு லீவு போட்டான், அவளும் போட்டாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. ஒரு தம்ளர் தண்ணீருக்கு இரண்டு பேரும் எழுந்தார்கள். நர்ஸ், “ஒருத்தர் இருந்தா போதும், ஒருத்தர் வீட்டுக்குப் போங்க” என்றால் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீடு எங்கே இருந்தது போவதற்கு?

வெளிக்காயம் அதிகமில்லை, நெஞ்சுக்குள் புகைதான் மோசம் என்றார் டாக்டர். மெக்கானிக் ஒரு நாள் பார்க்க வந்தார். வராந்தாவில் நின்று அவளிடம் பேசினார்.

“மொதல்ல டங் டங்குன்னு சத்தம் கேட்டுச்சும்மா. கட்டில் கம்பில டம்ளரால தட்டுவாரே, ஆளக் கூப்பிட. அத வச்சுதான் சந்துப் பக்கம் ஓடினேன். போறதுக்குள்ள நின்னுபோச்சு. சரி, அவ்வளவுதான் போலன்னு நெனச்சேன். ஆனா ஜன்னல உடைச்சுப் பாத்தா, மனுஷன் முழிச்சுக்கிட்டுக் கெடக்காரு. டம்ளரு கையிலயே இருக்கு.”

எட்டாம் நாள் தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். அப்பா மூக்கில் குழாயோடு கண் திறந்து படுத்திருந்தார். மெக்கானிக் சொன்னது அவளை இரண்டு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

“அப்பா, ஏன்ப்பா தட்டறத நிறுத்தினே?”

அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். இருமல் வந்தது. அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

“சத்தம்... கேட்டுது.”

“என்ன சத்தம்ப்பா?”

“நீங்க ரெண்டு பேரும். தெருவுல.”

“நாங்க பேசினதெல்லாம் கேட்டுச்சாப்பா?”

அப்பா இடது கையால் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

“ரெண்டு பேரும் வெளிய போயிட்டீங்க. அப்பாடான்னு இருந்துச்சு. நான் தட்டினா... உள்ள வந்துருவீங்களே.”

பதினோராம் நாள் அப்பா போய்விட்டார்.

அவர் சொன்னதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் அழுவான். ‘தட்டியிருந்தா போயிருப்பேன்க்கா’ என்று அடித்துச் சொல்வான். அவளும் அதையே சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அப்பா நிறுத்துவதற்கு முன்னால் தட்டத்தானே செய்தார்? சந்து வழியாக எதிர்க் கடை மெக்கானிக் காது வரைக்கும் கேட்ட சத்தம், வாசலில் நின்ற இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்று நம்பியவர் அவர் ஒருவர்தான், அவரும் போய்விட்டார்.