பஸ் ஸ்டாண்டில் கை மாறிய பிள்ளை

என் மகள் நிவேதாவின் தலையில் அப்போது இரண்டு வாசனை இருக்கும். காலையில் அவள் அப்பாவின் சட்டையிலிருந்து ஒட்டிய சிமெண்ட் தூசி. மதியத்துக்கு மேல் என் சேலையிலிருந்து ஏறிய டெட்டால்...

நான் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு அரியலூரில். என் வீட்டுக்காரர் அங்கே பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். எனக்குக் காலை டூட்டி, அவருக்கு மதிய ஷிப்ட். விடியும்போது நான் பஸ் ஏறிவிடுவேன். மதியம் நான் வந்து இறங்குவதும், அவருடைய கம்பெனி பஸ் கிளம்புவதும் கிட்டத்தட்ட ஒரே நேரம். அதனால் அரியலூர் பஸ் ஸ்டாண்டில்தான் பிள்ளை கை மாறும்.

"சோறு சாப்புட்டுட்டா. மூக்கு ஒழுவுது, பாத்துக்க."

அவ்வளவுதான் பேச்சு. பையையும் பிள்ளையையும் கொடுத்துவிட்டு ஓடுவார். அவர் திரும்பி வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். ஒரே வீட்டில்தான் குடியிருந்தோம்... ஆனால் நான் அவர் முகத்தைப் பார்த்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டில்தான்.

அவருக்குச் சீக்கிரம் போர்மேன் வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வந்தால் சம்பளம் கூடும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்தோம்.

ஒருநாள் வழியில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ரோட்டின் குறுக்கே பழுதாகி நின்றுவிட்டது. எங்கள் பஸ் நகரவே இல்லை. செல்போன் இல்லாத காலம். ஒருவழியாக வந்து இறங்கினேன். அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் நிவேதா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி பஸ் போயிடுச்சாங்க?"

"போயிடுச்சு. நீ வந்து உக்காரு மொதல்ல. டீ சாப்புடுவோம்."

திட்டுவார் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டே குடித்தேன். பஸ் ஹாரன் சத்தத்தில் நிவேதா விழித்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். மூன்று வயதுகூட நிரம்பவில்லை. மடியிலிருந்து இறங்கி, தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்ப நான் யாரு கூட போவணும்?"

அவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ரெண்டு பேரு கூடயும் வா," என்றார். மூவருமாக நடந்தே வீட்டுக்குப் போனோம். அவள் நடுவில் நடந்தாள். அன்று முழுவதும் அவள் அந்தப் பையைக் கழற்றவே இல்லை...

மறுநாள் அவர் ஆலையில், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் ஜெனரல் ஷிப்ட் கேட்டார். போர்மேன் என்றால் எல்லா ஷிப்டுக்கும் போயாக வேண்டும்; இனி அது கிடைக்காது என்று தெரிந்தேதான் கேட்டார். அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்கு அது போனது. சொந்தக்காரர்கள் "பொழைக்கத் தெரியாதவன்" என்றார்கள். காலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரைக் கேட்பது என்று தயங்கியபோது, பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவே வந்து கூட்டிப் போனார். "எம் பிள்ளைவோ கூட இதுவும் வெளையாடிட்டுப் போவட்டும்மா. இதுக்குப் போயி யோசிப்பியா?"

அதன்பிறகுதான் எங்களுக்குச் சாயங்காலம் என்று ஒன்று வந்தது. பிள்ளையை சைக்கிளில் வைத்து ரயில் பார்க்கக் கூட்டிப் போவார். சடை பின்னக் கற்றுக்கொண்டார், எப்போதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே இருக்கும். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பில் உப்பு குறைந்தது பற்றிச் சண்டை போடக்கூட நேரம் கிடைத்தது.

ஒருநாள் கேட்டேன். "வருத்தமா இல்லியாங்க?"

"இருக்கு. இல்லன்னா பொய்யி. ஆனா வூட்டுக்குள்ள வந்துட்டா அது நெனப்புக்கு வர்றதில்ல."

நிவேதா இப்போது சென்னையில். அவளும் மருமகனும் ஐ.டி. வேலை. ஒரு பேரன். பொங்கலுக்கு வந்தவள், லேப்டாப்பை மூடாமலே இட்லி சாப்பிட்டாள். நடுவில் கேட்டாள்...

"நீயும் அப்பாவும் அப்பல்லாம் எப்படிம்மா சமாளிச்சீங்க?"

"எங்கடி சமாளிச்சோம். முடியல. ஒண்ண விட்டுட்டோம்."

அவள் அப்பா இன்னொரு இட்லியை அவள் தட்டில் வைத்தார்.

எங்களுக்கு இப்போது நாள் முழுக்க நேரம். பேச்சுத் துணைக்கு நாங்கள் இருவர்தான். சாயங்காலமானால் என் கை தானாகப் போனைத் தேடும்.

போன சனிக்கிழமை அவளே கூப்பிட்டாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். பின்னால் பேரன் தட்டைத் தட்டும் சத்தம், மருமகன் சிரிக்கும் சத்தம். அவளிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது.

"சரி, சாப்புடுங்கடி. நான் அப்பறம் பேசறேன்," என்று நானே வைத்துவிட்டேன்.