ரெஜிலாவின் உறையும் மாமியின் எண்ணெயும்

தனுவச்சபுரத்தில் எங்கள் அடுத்த வீடுதான் ரெஜிலாவுடையது. தோலில் பை, பெல்ட் செய்து விற்கிறாள். ஓரம் தைக்க நானும் போவேன். பேசுவதைவிட அவள் கைகளைப் பார்த்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

போன மாதம் எஸ்.ஐ. பிரசீதா தன் கைத்துப்பாக்கிக்கு உறை கேட்டு வந்தார். அவருக்கு இடது கைப்பழக்கம். கடை உறை சரிப்படவில்லை. நன்றாக அமைந்தால் ஸ்டேஷனில் மற்றவர்களும் வருவார்கள் என்றார். அன்று முழுக்க ரெஜிலா பாடிக்கொண்டே இருந்தாள்.

துப்பாக்கியை விட்டுப் போக முடியாதே. அதனால் அளவெடுத்து, அதே வடிவில் தேக்குக்கட்டை ஒன்றைச் செதுக்கினாள். தைத்த தோலை நனைத்து, கட்டையை உள்ளே செருகி, கரண்டியின் முதுகால் அழுத்தி வடிவம் எடுத்தாள். நிழலில் காய்ந்தால் தோல் விறைத்து அப்படியே நிற்கும்.

சனிக்கிழமை பிரசீதா வருவதாக இருந்தது. வியாழனன்று பிடிப்பு சரியா என்று பார்க்க ரெஜிலா உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். கட்டை நழுவி, மாமியார் புஷ்பபாயின் காலில் விழுந்தது.

"எக்க அம்மோ!"

ரெஜிலா உறையை முகர்ந்தாள். "மாமி, இதுல எண்ணெய் போட்டியளா?"

"வறண்டு கெடந்துது மக்கா. நல்ல செக்கெண்ணெயாக்கும். பிள்ளைக்குத் தேய்க்குத மாதிரி தேய்ச்சேன்."

"பிள்ளை மெத்துன்னு இருக்கலாம். இது வெறைச்சு நிக்கண்டாமா?"

தலைக்கும் மூட்டுவலிக்கும் கதவுக் கீலுக்கும் அந்த வீட்டில் தேங்காயெண்ணெய்தான். ஆனால் எண்ணெய் குடித்த தோல் மறுபடி விறைக்காது. தனக்குக் கைப்பை செய்ய ஆசையாக வைத்திருந்த தோலை ரெஜிலா வெட்டினாள். நானும் கூட உட்கார்ந்து தைத்தேன். வெளியே மழை. உறையை ஃபேனுக்குக் கீழே தொங்கவிட்டோம்.

"அடுப்புப் பக்கத்துல வைக்கட்டா?" என்றார் மாமி.

"வேண்டாம்!" என்று இருவரும் சேர்ந்து கத்தினோம்.

சனிக்கிழமை பிரசீதா குண்டு கழற்றிய துப்பாக்கியைச் செருகி, தலைகீழாக்கி உலுக்கினார். அசையவில்லை. இடது கையால் இழுத்தார். சட்டென்று வந்தது.

"கொள்ளாமே, நல்லா அமைஞ்சிருக்கு! ஸ்டேஷன்ல சோமன் சாரையும் அளவெடுக்க வரச் சொல்லுதேன். இதை எப்படிப் பாத்துக்கிடணும்?"

ரெஜிலா வாய் திறக்குமுன் மாமி முன்னால் வந்தார். அவர் இடுப்பில் எண்ணெய் குடித்த அந்தப் பழைய உறை. அதற்குள் அவருடைய போன்.

"உலந்த துணியால தொடச்சா போரும் மக்கா. நனைஞ்சா ஃபேன் காத்துல போடணும். எண்ணெய் மட்டும் தொடப்பிடாது, கேட்டியா! அது வெவரம் இல்லாதவ செய்யுத வேலையாக்கும்."