கசக்காத நிலவேம்பு

போர்க்காலத்தில் வன்னிக்குள் யூரியா கொண்டுவரத் தடை இருந்தது. ஆனாலும் ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டில் ஒரு பால்மாப் பேணி நிறைய யூரியா இருந்தது. அலுமாரிக்குள், என் மனைவியின் கூறைச் சேலைக்குப் பக்கத்தில். அவள் அதை வயலுக்கென்று பொத்திவைத்திருந்தாள். என் யோசனை வேறு.

அப்போது காய்ச்சல் குளிசைக்கும் தட்டுப்பாடு. சித்த வைத்தியம் செய்த அம்மா ஒருவரின் வாசலில்தான் சனம் காத்து நிற்கும். அவர் என்னிடம், "தம்பி, நிலவேம்பு நட்டுத் தாரும். எவ்வளவு எண்டாலும் எடுப்பன்," என்று சொல்லியிருந்தார். கிணற்றடியில் பாத்தி கட்டி நட்டேன். முழங்கால் உயரம் வந்ததும் செடிகள் அப்படியே நின்றுவிட்டன. நெல் விதைக்கிறவனுக்கு, வளராமல் நிற்கிற பயிரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

பக்கத்துக் காணிக்காரர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்பதால் அவரைக் கேட்டேன்.

"தேயிலைக்கு உரம் போட்டா கொழுந்து சும்மா கிளம்பி வரும்ண்ணே. இதுவும் இலைதானே," என்றார்.

எனக்கு அது போதும். மனைவி கோயிலுக்குப் போன நேரம் பேணியைக் காலி செய்தேன்.

செடிகள் இடுப்பளவுக்கு வந்தன. இலைகள் கரும்பச்சை. பின்னேரங்களில் நானும் பக்கத்துக் காணிக்காரரும் பாத்தியோரம் நின்று, பிள்ளையைப் பெற்றவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் மனைவி வந்து செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ, இனி சோத்துக்குப் பதிலா நிலவேம்பைத்தான் அவிக்கிறதோ?"

அறுத்துக் காயவைத்து, சாக்குகளில் அடைத்து சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வைத்தியர் அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

பிறகொரு நாள் அவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். விறாந்தையில் இருந்த காய்ச்சல்காரர் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு கிழவர் கோப்பையை நீட்டி, "தங்கச்சி, இது கசாயமோ, சாயம் போன தேத்தண்ணியோ?" என்று வைத்தியரைக் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தியர் அம்மா மருந்தில் தண்ணீர் கலக்கிறார் என்று ஊரில் கதை பரவிவிட்டதாம்.

எனக்கும் ஒரு கோப்பை வந்தது. குடித்தேன்.

"நல்லாத்தானே இருக்கு," என்றேன்.

"அதுதான் தம்பி பிழை. நிலவேம்பைக் குடிச்சிட்டு ஒருத்தரும் அப்பிடிச் சொல்லக்கூடாது. என்ன போட்டனீர்?"

"கொஞ்சம் யூரியா."

விறாந்தையே நிமிர்ந்து உட்கார்ந்தது. எல்லாரும் வயல்காரர்.

"யூரியாவோ? எங்கை எடுத்தனீர்?" கிழவர் காய்ச்சலையும் மறந்து எழும்பி வந்துவிட்டார்.

அவரிடமிருந்து என்னைப் பிரித்தெடுத்து வைத்தியர் சொன்னார்: "இலை பெருத்துப்போச்சு, கசப்புக் கூடேல்லை."

ஆனாலும் அவர் சாக்குகளை எறியவில்லை. ஒரு பிடி போடுகிற இடத்தில் மூன்று பிடி போட்டு அவித்தார். நான் கூடுதலாய் வளர்த்ததெல்லாம் அவர் அடுப்பிலேயே சரிக்குச் சரியாய்ப் போனது.

அடுத்த முறை நடும்போது கொஞ்சம் மாட்டெரு போட்டதோடு சரி. செடி முழங்காலைத் தாண்டவில்லை. பக்கத்துக் காணிக்காரர் வந்து பார்த்து, "நோஞ்சானா இருக்கேண்ணே," என்று கவலைப்பட்டார். கவலையோடு ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டார். பிறகு கிணற்றை நோக்கி ஓடினார். என் மனைவி சிரித்துச் சிரித்து அவருக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள்.