பத்துக்குப் பத்து போட்டவர்கள்

தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அக்கா கொஞ்சம் தடுமாறுவாள். "வீடு வீடாப் போய் சர்வே எடுக்கிறா" என்பாள். "அடுத்த வீட்டு வம்பு கேக்கச் சம்பளமும் தராங்களா? எனக்கும் ஒரு இடம் சொல்லேன்" என்று சித்தி சிரிப்பாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, தையல் மெஷின் மிதித்துத் தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பியவளுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று குத்தும்.

அன்று தங்கைக்குக் கணுக்கால் சுளுக்கி வீங்கியிருந்தது. அக்கா கடையைப் பூட்டிவிட்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் ஒரு கம்பெனிக்கான வேலை அது. வாடிக்கையாளர்களைக் கேட்டால் எல்லோரும் பத்துக்குப் பத்து மார்க் போடுகிறார்கள். ஆனால் ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் பாதிப் பேர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அறிக்கை மறுநாள் போயாக வேண்டும். தற்காலிகமாக இருக்கும் தங்கைக்கு வேலை நிலைக்குமா என்பது அதைப் பொறுத்தது. பாக்கி இரண்டே வீடுகள்.

முதல் வீட்டில் ஒரு நர்ஸம்மா. வேலை முடிந்து வந்த அலுப்பில் கண் செருகிக்கொண்டிருந்தது.

"மெக்கானிக்கோட வேலை உங்களுக்கு எவ்வளவு திருப்தியா இருந்துச்சு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்று தங்கை வாசித்தாள்.

நர்ஸம்மா யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். தங்கை வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"நல்லாத்தானே செஞ்சாங்க?" என்றாள்.

"ஆமா ஆமா, பத்தே போட்டுக்கோங்க."

கீழே வந்ததும் தங்கை டேப்லெட்டில் அந்த வீட்டின் பதில்களை மொத்தமாக அழித்தாள்.

"ஏய், என்னடி பண்றே? முழுசாப் பத்து போட்டாங்களே!"

"அது அவங்க போட்டதில்லைக்கா. நீ போட்டது."

"ஒரு வார்த்தைதானேடி சொன்னேன்? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அக்கா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். தங்கை கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

அடுத்த வீடு ஒரு பஸ் டிரைவருடையது. எல்லாவற்றுக்கும் பத்து, படபடவென்று. தங்கை நன்றி சொல்லி டேப்லெட்டைப் பையில் வைத்தாள். வாசலில் குனிந்து, வீங்கிய காலில் செருப்பை மெல்ல நுழைத்தாள். வழியனுப்ப வந்தவர் கதவில் சாய்ந்து நின்றார்.

"அந்த மெக்கானிக்கும் பாவம்மா. லிஃப்ட் இல்லாம இத்தனை படி ஏறி வந்தாரு. மார்க் குறைஞ்சா சம்பளத்துல கை வைப்பாங்களாம். வேலை முடிச்சு மார்க் கேட்டு மனுஷன் பக்கத்துலயே நிக்கும்போது எப்படிக் குறைச்சுப் போடறது? இப்பவும் அதையேதான் சொன்னேன்."

தங்கை செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். அக்கா இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வந்து பாருங்களேன்" என்றார் அவர்.

குளியலறையில் அவருடைய யூனிபார்ம் வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாஷிங் மெஷின், அதன் தலையில் வெங்காயக் கூடை.

"இன்னும் தண்ணியே இறங்க மாட்டேங்குது. நான் மார்க் போட்டது அந்த மனுஷனுக்கும்மா, மெஷினுக்கில்ல."

"இதை எழுதிக்கலாமா சார்? உங்க பேர் வராது."

"என் பேர் வந்தா வரட்டும். அவரு பேர் வரக்கூடாது."

படியிலேயே உட்கார்ந்து தங்கை தன் மேனேஜருக்குப் போன் செய்தாள். "நம்ம கேள்வியே தப்பு சார். ஆளையும் வேலையையும் ஒண்ணாப் போட்டுக் கேட்டிருக்கோம். எல்லா வீட்டுக்கும் திரும்பப் போகணும்."

"நாளைக்கு ரிப்போர்ட் வரலேன்னா உன் பெர்மனென்ட் ஆர்டரை மறந்துடு!" அந்தச் சத்தம் அக்காவுக்கே கேட்டது.

"மறந்துடறேன் சார். இந்தப் பத்தை வச்சுக் கையெழுத்து மட்டும் போட மாட்டேன்."

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். பல்லி விழுந்தால் கட்டில்மேல் ஏறி நிற்கும் பெண்ணா இவள்?

போனில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு வாரம் வாங்கித் தரேன். அதுக்குமேல ஒரு நாள் கிடையாது" என்றது குரல்.

அந்த வாரம் முழுக்க அக்கா கடை திறக்கவில்லை. ஸ்கூட்டரோடு தெருவிலேயே நின்றாள். பாதி வீடுகளில் மெஷின் ஓடவில்லை. மெக்கானிக்கைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் எல்லோரும் பத்து போட்டிருந்தார்கள்.

நிரந்தர வேலை கிடைக்கவில்லை. இன்னும் ஓராண்டுக்கு நீட்டித்தார்கள், அவ்வளவுதான். தங்கைக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனால் அவள் அறிக்கையைப் படித்த பிறகு, மார்க்கைப் பார்த்து மெக்கானிக்குகளின் சம்பளம் பிடிப்பதை மெஷின் கம்பெனி நிறுத்திவிட்டது. மெக்கானிக்குகளில் ஒருவருக்கும் இவளைத் தெரியாது. அதை நினைத்தால் அக்காவுக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.