குசினி யன்னலுக்குப் போன அம்பு

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவான். வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணின் பேரில் இருக்கும். ஆகவே என் கணவர் வில் பழகியது என் வளவில், குத்துப்பட்டது என் முருங்கை மரம்.

வில்லைக் கொடுத்தது வெளிநாட்டிலிருந்து வந்த அவருடைய கூட்டாளி. பழைய முறையில் செய்த மர வில், குறிபார்க்கும் கருவி எதுவும் கிடையாது. அம்பு விடுவது நபிவழி, சுன்னத்தான விளையாட்டு என்றார் என் கணவர். வீட்டு வேலையில் கைகொடுப்பதும் சுன்னத்துத்தான். அதைப் பழக மட்டும் ஒருவரும் கூட்டம் கூடவில்லை.

அசர் தொழுகை முடிந்ததும் இரண்டு ஆலோசகர்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் மரம் அறுத்து விற்கும் மரக்காலை முதலாளி, மற்றவர் ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். இருவரும் பிறந்ததிலிருந்து வில்லைத் தொட்டதில்லை. தேத்தண்ணி மட்டும் தவறாமல் என் குசினியிலிருந்து போகும்.

அம்பு தெரிவு செய்தவர் மரக்காலைக்காரர். கொழும்புக் கடைக்காரன் தொலைபேசியில் வில்லின் பலம் என்ன, எவ்வளவு தூரம் இழுப்பீர்கள் என்று கேட்டான். இவர் அதெல்லாம் தேவையில்லை, இருப்பதிலேயே விறைப்பானதை அனுப்பு என்றுவிட்டார். கல்யாணத்துக்கு நிற்கும் குமருக்கு வீடு கட்டும் வாப்பாமாருக்குக் கதவு நிலைமரம் விற்று விற்றே வளர்ந்தவர் அவர். தட்டிப் பார்ப்பார், அழுத்திப் பார்ப்பார், வளைந்தால் தள்ளிவிடுவார். பெட்டியில் கடைக்காரன் தன் யோசனையில் போட்டிருந்த ஒரே ஒரு மெல்லிய அம்பும் அப்படித்தான் தள்ளுப்பட்டது. நான் அதை எடுத்து, இறகோடு, குசினி யன்னலுக்குக் கம்பியாக்கி, திரைச்சீலையைக் கோத்துத் தொங்கவிட்டேன்.

விறைத்த அம்புகள் எல்லாம் இடது பக்கம் போயின. நடுவில் குறிக்கு வைத்த வைக்கோல் கட்டு நோகாமல் நின்றது. அம்பில் குறையிருக்க முடியாது, தேக்கு மாதிரி இருக்கிறது, ஆகவே குறை ஆளில் என்று முடிவானது. வாத்தியார் முழங்கையைத் தூக்கச் சொன்னார். பிறகு தாடையை இறக்கு, மூச்சைப் பிடி, காலை அகட்டு என்றார். என் கணவர் அப்படிக் கோணலாக நிற்கும் நேரம் பார்த்து மரக்காலைக்காரர் நேராக நிற்கச் சொல்வார். மாலையில் கழுத்துக்குத் தைலம் தேய்ப்பது என் பங்கு.

இது விளையாட்டோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பெருநாள் போட்டியில் கடற்கரையில் வைக்கோலை அடித்துக் காட்டுவேன் என்று என் கணவர் என் கூடப்பிறந்த காக்காவிடம் வாய்விட்டுவிட்டார். இந்த வீட்டைக் கட்டித்தந்தவர் காக்கா. அன்றிலிருந்து என் கணவரை, போக மறந்த விருந்தாளியைப் போலத்தான் பார்ப்பார். காக்கா ஊர் முன்னால் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. மனிசனில் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம், அது என் கோபம்.

அவர் வேலைக்குப் போன ஒரு பகல், கைப்பேசியில் ஒரு விளக்கம் பார்த்தேன். இந்த மாதிரி வில்லில் அம்பு, பிடியின் பக்கவாட்டை உரசிக்கொண்டு போகிறது. கொஞ்சம் வளைந்து பிடியைச் சுற்றிப் போனால்தான் நேரே போகும். விறைத்தது இடதுக்குத் தள்ளுப்படும். யன்னல் சீலையை உருவிவிட்டு அந்த மெல்லிய அம்போடு வளவுக்குப் போனேன். முழங்கை எங்கே இருந்ததோ தெரியாது. விறைத்த அம்பு முருங்கைக்குப் போனது. மெல்லியது வைக்கோலில் நின்றது. திரும்பவும் விட்டேன், திரும்பவும் நின்றது.

இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். வளையுற சாமான நம்பேலாது என்று மரக்காலைக்காரரின் வாயாலேயே பதில் சொன்னார். நான் கறியை நகர்த்தி வைத்தேன்.

போட்டியன்று ஆளுக்கு மூன்று அம்பு. அவருடைய பையில் ஒன்றை மாற்றி வைத்திருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலாவது இடது. இரண்டாவது அதைவிட இடது. காக்காவின் வாய் சிரிப்புக்குத் தயாராகிவிட்டது. மூன்றாவதை எடுத்தவர் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். வில்லை இழுத்தார். அம்பு வைக்கோலின் நடுவில் போய்க் குத்தியது. காக்கா வந்து தோளில் தட்டி, “மச்சான், நான் நினைக்கல்ல” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்கு வந்தார். வெறும் யன்னலைப் பார்த்தார்.

“அந்த அம்ப நீதானேகா வெச்ச?”

“ஓம்.”

“கையில எடுத்த உடன வெளங்கிட்டு.”

அந்த நேரம் வாசலில் ஆலோசகர்கள் சலாம் சொல்லும் சத்தம் கேட்டது. முன்னுக்குப் போனார். முழங்கையைத் தூக்கியதுதான் காரியம் என்று வாத்தியார் சொல்வது கேட்டது. “ஓம், முழங்கைதான்” என்றார் என் கணவர்.

அவரை உள்ளே கூப்பிட்டேன்.

“முழங்கை எண்டே சொல்லுங்க, எனக்கு ஒண்டுமில்ல. தேத்தண்ணிய மட்டும் நீங்களே ஊத்திக் குடுங்க.”

கோப்பைகளை அடுக்கி ஊற்றினார். தட்டைத் தூக்கிக்கொண்டு ஆலோசகர்களுக்கு முன்னால் குனிந்தபோது யன்னலால் பார்த்தேன், மறைக்கச் சீலை இருக்கவில்லை. முழங்கை சரியான உயரத்தில் இருந்தது.