ஏழு எதிர்பார்ப்புகளும் ஒரு கட்டைவிரலும்

கல்லூரி ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவது இடையிடையே கிடைக்கிற ஓய்வு. மிச்ச நேரமெல்லாம் படிவம் நிரப்புவதும், நிரப்பாதவர்களைத் துரத்துவதும்தான். செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் ஒன்பது வருடமாக 'கணினியும் சமூகமும்' என்ற தாளை நடத்துகிறேன். கணினி மனிதர்களை என்ன பாடுபடுத்துகிறது என்று சொல்லித்தருகிற தாள். சாக்பீஸ் தூசியில் தும்மிக்கொண்டே போர்ட்டலில் பாஸ்வேர்டு மாற்றுகிற என் இனத்தாரே, போன செமஸ்டரில் நடந்ததை உங்களிடம் கொட்டினால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது அடங்கும்.

ஆறாவது அம்சம்

முதல் வகுப்பில் ஒரு தாள் கொடுப்பேன். 'இந்தப் பாடத்தில் உங்களிடம் எதிர்பார்ப்பவை' என்று தலைப்பு. ஏழு அம்சங்கள். சொந்தமாக எழுத வேண்டும், போன் பைக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொரு வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் பெயரும் தேதியும் போட்டு ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று போகும். ஆறாவது மட்டும் நான் எழுதியதல்ல. 'எழுபத்தைந்து சதவீத வருகை கட்டாயம். விரல்ரேகை இயந்திரத்தின் பதிவே இறுதியானது.' அலுவலகச் சுற்றறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன். முதல் அம்சத்தில் காப்பியடிக்காதே என்று மிரட்டிவிட்டு ஆறாவதைக் காப்பியடித்தவன் நான். கீழே கையெழுத்தும் போட்டேன்.

வகுப்பு தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தது. படாளத்திலிருந்து வரும் கார்த்தி மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னப்பா என்றேன். "சார், நீங்க எங்ககிட்ட எதிர்பார்க்கறது ஏழு கீது. நாங்க உங்ககிட்ட எதிர்பார்க்கறத பின்னாடி எழுதிக்கலாமா?"

படாளத்துக் காபித் தோட்டம்

முதல் அசைன்மென்ட் எளிமையானது. உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய வேலையில் கணினி எதை மாற்றியிருக்கிறது என்று நேரில் கேட்டு எழுதுங்கள். கையால், ஒரு பக்கம் போதும். ஐம்பத்திரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரி எழுதிவந்தார்கள். பேட்டி கொடுத்தவர் கருங்குழிக்காரர், திருப்போரூர்க்காரர் என்று ஊர்தான் வேறு. எல்லோரும் 'இருமுனைக் கத்தியாக விளங்கும் தொழில்நுட்பத்தை' நினைத்து ஒரே வாக்கியத்தில் கவலைப்பட்டிருந்தார்கள். கார்த்தி பேட்டி கண்ட படாளத்து விவசாயி, செயலி வழியாகத் தன் காபித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. படாளத்தில் எங்கேடா காபி என்று கத்தினேன். அவன் அப்பாவே அங்கே நெல் போடுகிறவர். வீட்டில் இருக்கிற மனிதரிடம் நாலு கேள்வி கேட்க உனக்கு என்ன கேடு என்றேன். கார்த்தி தலை நிமிராமலே சொன்னான். "எங்கப்பாவக் கேட்டா 'போய்ப் படிக்கற வேலையப் பாரு'ன்னுவாரு சார். போன்ல ஏஐகிட்ட கேட்டா அதுவாச்சும் மூஞ்சி காட்டாம பதில் சொல்லுது."

பத்துக்கு ஒன்பது

அந்தக் குப்பையில் ஒரு தாள் மட்டும் நிஜம். எழுதியவள் தேவி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வருகிறவள். ஜன்னலோர முதல் பெஞ்ச். அவள் எழுதியது இவ்வளவுதான்: 'விடியற்காலையில் அம்மாவோடு இறால் உரிக்கப் போவேன். ஐஸிலும் ஓட்டிலும் விரல் தேய்ந்துவிட்டது. கல்லூரி மெஷின் பாதி நாளுக்கு மேல் என் விரலை எடுப்பதில்லை. பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. அலுவலகத்தில் சொன்னேன், ஈரமில்லாமல் துடைத்து வை என்றார்கள். தினமும் நாலு முறை வைத்துப் பார்த்துவிட்டு, பெல் அடித்ததும் வகுப்புக்கு வந்துவிடுகிறேன்.'

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையில் 'நல்ல அவதானிப்பு' என்று எழுதி, பத்துக்கு ஒன்பது போட்டு, மற்ற தாள்களோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். இயந்திரம் வந்த நாளிலிருந்து நாங்கள் யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. ஒரு பெண் தன் வருகை பதிவாகவில்லை என்று தன் ஆசிரியருக்கு எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதைத் திருத்தி வைத்திருக்கிறார். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

தாளை வாங்கிக்கொண்டு தேவி மேசையருகே நின்றாள். அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று கேட்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, "இன்னும் கொஞ்சம் விரிவா எழுதியிருக்கலாம்மா" என்றேன். அவள் தாளை மடித்துக்கொண்டே சொன்னாள். "அவ்ளோதான் சார் நடந்துச்சு."

பெஞ்சில் இருந்தவள்

செமஸ்டர் முடிவில், வருகை குறைந்தவர்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். தேவிக்கு நாற்பத்தொரு சதவீதம். ஹால் டிக்கெட் கிடையாது, எல்லாப் பாடத்தையும் அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டும். அவளுடைய குப்பத்தில் அப்படி ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த வருடம் கல்லூரி இருக்காது, கல்யாணம்தான் இருக்கும். அதை அவளே சொன்னாள், அழாமல் சொன்னாள்.

தேவி எழுதிய கேள்விச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவர் அம்மாவிடம் ஓடினேன். நாற்பத்து நாலு வகுப்பு, நாற்பத்திரண்டு சீட்டு, எல்லாவற்றிலும் தேதியோடு தேவியின் கையெழுத்து. மற்ற ஆசிரியர்களும் அவளைத் தினம் பார்த்தவர்கள்தான். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோப்பிலிருந்து என் எதிர்பார்ப்புத் தாளை எடுத்தார். ஆறாவது அம்சத்தில் விரல் வைத்தார். கீழே என் கையெழுத்தையும் காட்டினார். மேசையைக் குத்தலாமா என்று இருந்தது. ஒன்பது வருடம் இதே இயந்திரங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக நோட்ஸ் கொடுத்தவனுக்கு அந்த அறையில் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவ வந்தான்னு எனக்கும் தெரியும் சார். சிஸ்டத்துக்குத் தெரியலையே."

தொடர் காய்ச்சல்

வழி ஒன்று இருக்கிறது என்றார்கள் அலுவலகத்தில். உடம்பு சரியில்லாமல் வராதவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் வைத்தால் சலுகை உண்டு. வந்தவர்களுக்குத்தான் எந்த விதியும் இல்லை. ஆகவே வகுப்புக்கு வந்த பெண், தான் வரவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், காரணம் காய்ச்சல் என்றும் எழுத வேண்டும், அதில் பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். இதைச் சொன்னவர்கள் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தேவியின் அம்மா வேலையிடத்திலிருந்து நேராக வந்தார். எந்த வாசகம் எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான்தான் எழுதினேன். 'என் மகளுக்குத் தொடர் காய்ச்சல் இருந்தபடியால்' என்று ஆரம்பித்து, திருத்தம் எதுவும் இல்லாமல் நல்ல தமிழில் ஒரு முழுப் பக்கப் பொய். படித்துக் காட்டியதும் அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா சார் அநியாயம் இது? உன் பொண்ணு வரலைன்னு தெனம் என் போனுக்கு மெசேஜ் வந்துகினே இருந்துச்சு. இவ பொய் சொல்றான்னு நான் ரெண்டு அடிகூட வெச்சிட்டேன். இப்ப நீங்களே வந்தான்றீங்க. வந்தவள வரலைன்னு நான் கையெழுத்து போடணுமா? வேல செஞ்சி தேஞ்ச கை சார் அது, அதுக்கு ஜொரம்னு பேர் வெப்பீங்களா?"

தேவிதான் பேனாவை எடுத்து அம்மா கையில் திணித்தாள். "போட்டுடும்மா. நான் எக்ஸாம் எழுதணும்."

நன்மைகளை விளக்குக

சான்றிதழும் கிடைத்தது, ஹால் டிக்கெட்டும் வந்தது. தேர்வன்று நான் வேறு அறையில் மேற்பார்வை. கேள்வித்தாளைப் பிரித்துப் பார்த்தவனுக்கு ரத்தம் கொதித்தது. என் பாடம்தான், பதிமூன்று மதிப்பெண் கேள்வி: 'விரல்ரேகை வருகைப் பதிவு முறையின் நன்மைகளை விளக்குக.' எந்தப் புண்ணியவான் கேட்டான் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் நேரில் போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

தேர்வு முடிந்து தேவியை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அந்தக் கேள்வியை எழுதினாயா என்று கேட்கவே வாய் கூசியது. அவளே சொன்னாள். "எட்டு நன்மை எழுதினேன் சார். ஆள் மாறாட்டம் பண்ண முடியாது, வராதவங்க வந்த மாதிரி காட்ட முடியாது, எல்லாம் எழுதிட்டேன். வந்தவங்கள வராதவங்களா காட்டலாம்னு ஒன்பதாவதா எழுதலாமான்னு பாத்தேன். நன்மைதானே கேட்டிருந்தாங்க, வுட்டுட்டேன்."

கணினி மனிதர்களை என்ன செய்கிறது என்று ஒரு செமஸ்டர் முழுக்கத் தொண்டை வற்றக் கத்திய நான், அதற்கு எதிராகக் கடைசியில் செய்த ஒரே காரியம், நல்லா இருக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்ததுதான்.