தண்ணீர் குடிக்காத யாவாரம்

மீன் யாவாரத்துக்குத் தொண்டைதான் முதல். அந்தத் தொண்டையை நாங்கள் காயப் போட்டிருப்பதற்கு நீங்கள்தான் காரணம், எங்கள் சந்தையில் பொம்பிளையளின் கக்கூசைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோனவரே. திருத்த வேலை என்றீர்கள். பிறகு உங்களைக் காணவில்லை. விடிய ஏலத்துக்கு வந்து மத்தியானம் வரைக்கும் மீன் தட்டோடு குந்தியிருக்கிற நாங்கள் தண்ணீரைத் தொடுவதில்லை. வாசிக்கிறவர்களில் கடையிலோ வயலிலோ அடக்கிக்கொண்டு நிற்கிற பொம்பிளையள் இருந்தால், அந்த எரிவை நான் விளக்கத் தேவையில்லை.

குளிசைக்குப் பேரம்

எனக்குப் பக்கத்துத் தட்டு கிண்ணியா பளீலாவுடையது. சலம் போகேக்க எரியுது, அடிவயிறு குத்துது என்று துடித்தவளை மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனனான். கடைக்காரத் தம்பி ஏழு நாளுக்கு அன்ரிபயோட்டிக் எடுத்து வைத்தார். இவள் மூன்று நாளுக்குப் போதும் என்கிறாள். "பாதியில விட்டா கிருமி சாகாது அக்கா, மருந்துக்குப் பழகிடும்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். மீன்காரியிடம் கதைத்து வெல்ல ஏலுமா? கடைசியில் கத்தரிக்கோலை எடுத்துக் குளிசை மட்டையை வெட்டினார். அப்பவும் இவளுக்கு ஆறவில்லை.

"நாங்க அறுக்குளா மீனையே துண்டு போட்டுக் குடுக்கிறம், இதை வெட்ட உங்களுக்கு இவ்வளவு யோசினையா தம்பி?"

கை மாறும் மருந்து

அந்த மூன்று நாளையும் அவள் முடிக்கவில்லை. எரிவு நின்றதும் மிச்சத்தை முந்தானையில் முடிந்துவிட்டாள். எங்கள் சந்தையில் வெற்றிலை கை மாறுகிற மாதிரிக் குளிசையும் மாறும். அடுத்த முறை பளீலாவுக்கு எரிந்தபோது, ஈச்சிலம்பற்றிலிருந்து நண்டு கொண்டு வருகிற மரியம் அக்கா தன் முடிச்சை அவிழ்த்தா. நான் கத்தினேன். மரியம் அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்குக் கேட்ட குளிசை உனக்குக் கேளாமப் போகுமே, பிடி."

ஏலம் இல்லாத இடம்

பிறகு ஒரு நாள் ஏலம் நடக்கிற நேரத்திலேயே பளீலா நடுங்கத் தொடங்கினாள். முதுகைப் பிடித்துக்கொண்டு தின்றதையெல்லாம் சத்தி எடுத்தாள். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனான். சலத்தைச் சோதித்தார்கள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது, எந்தக் குளிசைக்கும் அடங்காது, படுக்க வைத்து ஊசிதான் ஏற்ற வேணும் என்றா டொக்டர் பிள்ளை. எனக்குக் கோபம் வந்தது. வேறு குளிசை பாருங்கோ, வீட்டில் சின்னப் பிள்ளையள் இருக்கு என்று நின்றேன். ஊசிக்கும் இந்தக் கிருமி பழகினால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். அவ குரலை உயர்த்தவில்லை.

"அதுக்குப் பிறகு குடுக்க எங்களிட்ட பெரிசா ஒண்டும் இல்லை, அம்மா."

போத்தல்

பளீலா பிழைத்து வந்துவிட்டாள். நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெரிய போத்தல் ஒன்றைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வெயில் ஏற ஏறப் பார்க்கிறேன், மூடி திறக்கவில்லை. குடியடி என்று அதட்டினேன்.

"குடிக்கலாம் அக்கா, குடிச்சிட்டு எங்க போற, நீங்களே சொல்லுங்க."

படியாத விலையெல்லாம் படிய வைத்த எனக்குக் கிருமியோடு பேரம் பேச ஏலாது, உங்களோடு மட்டும்தான் பேசலாம், அதனால் இவளுக்கு மிச்சமிருக்கிற அந்த ஒரு ஊசியும் தோற்க முதல் வந்து கதவைத் திறந்துவிடுங்கள்.